போறப்ப ஏத்தம், வர்றப்ப இறக்கம்

அசையாதீங்க சார், கத்தி காதுகிட்ட இருக்கு. வாயைத் திறக்கவே வேணாம், விரலைக் காட்டினாப் போதும். ஆறா? அதான், அந்த ஊருக்குப் பறக்க ஆறு மணி நேரம்னுதான் எங்க வீட்லயும் சொன்னாங்க. நானும் ரொம்ப வருஷமா இந்த ஏர்போர்ட்டுக்குள்ளயே கடை வெச்சிருக்கேன், விமானம்னா கண்ணாடி வழியா வால் தெரியறதோட சரி. பைலட்டுக்கே சவரம் பண்றது இன்னிக்குத்தான்.

தூரம் எவ்வளவு சார் இருக்கும்? நாலு விரலு, அப்புறம் அரை விரலு... நாலாயிரத்து ஐநூறு கிலோமீட்டரா! அடேயப்பா. எங்க வீட்லேர்ந்து இங்க வர்றதுக்கே பஸ்ல ஒண்ணரை மணி நேரம். அந்த பஸ்ஸை நம்பிக் கிளம்பினா, பிரசவம் பாக்கப் போறவ பேரனைப் பள்ளிக்கூடத்துல சேக்கத்தான் போய்ச் சேருவா.

யாரா? என் சம்சாரம்தான் சார். எம்பொண்ணு நீங்க இப்பப் போற அதே ஊர்லதான் இருக்கா, தலைப்பிரசவம். நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அம்மா வராம வாசப்படியே மிதிக்க மாட்டேன்னு ஒரே அடம். போன்ல அவ அழுதா எனக்குத் தாங்காது.

கன்னத்தைக் கொஞ்சம் உப்புங்க. ஆங், அப்படித்தான்.

டிக்கெட்டை மாப்பிள்ளை போன்ல அனுப்பினாரு. எழுத்தா அது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. சரின்னு மச்சானைக் கேட்டோம். என் சம்சாரத்தோட தம்பி, லாரி ஓட்டறான். தூரம், நேரம் எல்லாம் அவனுக்கு அத்துப்படின்னு ஒரு நெனப்பு. மாப்பிள்ளை ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. பறக்கறது ஆறு மணி நேரம். அப்ப இங்க மூணு மணிக்குக் கிளம்பும்னு கழிச்சுக் கொடுத்துட்டான். அதே விமானம் திரும்பி வர்றப்ப மட்டும் மூணரை மணி நேரத்துல வந்துடுதாம். ஏண்டா இப்படின்னு கேட்டா, போறப்ப ஏத்தம் மாமா, வர்றப்ப இறக்கம்ங்கறான்.

நானும் நம்பிட்டேன். சிரிக்காதீங்க சார், கத்தி!

சோப்பு போடறதுக்கு முன்னாடி நீங்க சொன்னீங்களே, மத்தியானம் பன்னெண்டரைக்கு ப்ளைட்டு, அங்க கடிகாரம் ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுதுன்னு? அவ ஏற வேண்டியதும் உங்க விமானந்தான், மாப்பிள்ளை சொன்ன ஒன்பது மணி அந்த ஊர்க் கடிகாரத்துலன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. லாரி எவ்வளவு தூரம் ஓடினாலும் கடிகாரத்தைத் திருப்பி வெக்க வேண்டியதில்லையே, அவனுக்கு என்ன தெரியும், பாவம். சோப்பைத் தேடறேன்னு பின்பக்கம் போனேன்ல? சோப்பு கையிலதான் இருந்துச்சு. அவளுக்கு போன் பண்ணத்தான் போனேன். ஈரத் தலையோட டாக்சில ஏறிட்டா. வந்துட்டே இருக்கா.

முடிஞ்சுதான்னு கேக்கறீங்களா? முடிஞ்ச மாதிரிதான். கன்னம் ரெண்டும் வழவழன்னு ஆயிடுச்சு. மீசையை எடுத்துடச் சொன்னீங்க, வலது பக்கம் எடுத்தாச்சு. இடது பக்கம்... எழுந்திரிக்காதீங்க சார், உக்காருங்க. பைலட் இல்லாம விமானம் கிளம்பாதுல்ல? பாதி மீசையோட பைலட்டும் கிளம்ப மாட்டாரு. பெட்டியைக் கவுன்டர்ல போட்டுட்டேன்னு அவ ஒரு போன் பண்ணட்டும், இது ஒரே இழுப்புதான்.

அதுவரைக்கும் தலையைப் பிடிச்சு விடட்டுமா? அதுக்குக் காசு வேணாம்.