சிரித்தாளா, அழுதாளா: குட்ரூன் கெல்சன் அம்மையாருக்கு ஒரு மடல்

ஐயமே அணியாய், அச்சமே அரணாய், முப்பத்தோராண்டு எங்கள் எழுத்தையெல்லாம் காத்து நின்ற அம்மையீர்! அயல்மொழி இளையோரின் முதல் நூல்களை அன்றலர்ந்த மலரென அள்ளி ஏந்தி, ஒரு காற்புள்ளி உதிர்ந்தாலும் உள்ளம் உதிர்ந்தவரே! எஸ்தோனியாவிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வந்த புதுக்கதைகளுக்கு டேனிஷ் மொழியில் இடம் தேடித் தந்த ஆர்ஹூஸ் 'முதல் வரி' பதிப்பகத்தின் பயந்தாங்கொள்ளிப் பெருந்தகையே! வணக்கம்.

கடைசி அடைமொழியைக் கேட்டதும் கணக்கரும் தங்கள் தோழியுமான வீபெக்கெ முகத்தைச் சுளித்தார். மேடையில் வாசிக்கிற மடலில் இப்படியா என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தங்கள் பயத்தைச் சொல்லாமல் தங்களைப் பாராட்டினால் அது வேறு யாரையோ பாராட்டியதாகிவிடும்.

தாங்கள் மின்தூக்கிக்கு அஞ்சினீர்கள், அச்சகத்தாரின் தொலைபேசிக்கு அஞ்சினீர்கள், பரிசு பெற்ற நூல்களுக்கு இன்னும் கூடுதலாக அஞ்சினீர்கள். யார் எந்தப் பக்கத்தை நீட்டினாலும் தங்கள் கேள்வி ஒன்றே: "சிரிக்கிறாளா, அழுகிறாளா? எழுதினவங்களையே கேட்டியா?" நார்வேப் பிரிவின் மொழிபெயர்ப்பாளர் தோர்பென் ஒருநாள் பொறுமையிழந்தார். "குட்ரூன், இது டிராக்டர். சிரிக்கவும் சிரிக்காது, அழவும் அழாது." தாங்கள் விடவில்லை. "கேட்டியா?" "இல்ல." "அப்ப போன் போடு." போட்டார். அது டிராக்டர் இல்லை, அந்த ஊரார் ஒரு கிழட்டு மாட்டுக்கு வைத்த பட்டப்பெயர். அன்றிலிருந்து தோர்பெனும் பயப்படக் கற்றுக்கொண்டார்.

அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று தாங்கள் ஒருபோதும் எங்களிடம் சொன்னதில்லை. தங்கள் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த தாள்தான் சொன்னது. தலைப்பில் ஒரு நாவலின் பெயரும் 'பக்கம் 47: அழுதாள்' என்ற குறிப்பும், கீழே ஒன்று முதல் நானூறு வரை எண்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு. கோடு விழாத எண் நானூறு மட்டுமே, அதன் பக்கத்தில் 'தாயிடம்' என்று தங்கள் கையெழுத்து.

தங்கள் பணியின் முதல் ஆண்டில் சோல்வை ட்வெய்டன் என்ற நார்வே இளம்பெண்ணின் முதல் நாவலை டேனிஷில் தந்தீர்கள். நாற்பத்தேழாம் பக்கத்தில் தாய் தன் கணவனின் சவப்பெட்டியருகே நிற்கிறாள். அவள் செய்ததைச் சொல்ல சோல்வை எழுதிய சொல் 'கிரீனெ'. இரு கரைக்கும் பொதுவான சொல்தானே என்று தங்கள் கண் அதைத் தாண்டிவிட்டது. அதே சொல்லை அப்படியே இட்டீர்கள். நார்வேயில் அதற்கு அழுவது என்று பொருள். நம் டென்மார்க்கிலோ சிரிப்பது. கோபன்ஹேகன் நாளிதழ் ஒன்று, கணவனின் சவத்தருகே சிரிக்கும் அந்தத் தாயைத் துணிச்சலின் சிகரம் என்று போற்றியபோதுதான் தாங்கள் என்ன செய்துவிட்டீர்கள் என்று தங்களுக்கே தெரிந்தது. ஐயோ, அந்தக் காலை தங்களுக்கு எப்படி விடிந்திருக்கும்! கதைத் தாய் கற்பனையல்லள். சோல்வையின் சொந்தத் தாய் இங்கெபியோர், உயிரோடு, நார்வேயில்.

அச்சிட்டவை எண்ணிட்ட நானூறு பிரதிகள். கிடங்கில் கிடந்தவற்றைத் தாங்களே பேனாவால் அடித்து 'அழுதாள்' என்று திருத்தினீர்கள். பிறகு நூலகம் நூலகமாக, பழைய புத்தகக் கடை கடையாக, விடுமுறைகளையெல்லாம் செலவழித்து மீதியைத் தேடித் திருத்தினீர்கள், திருத்திய ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு. நானூறாவது பிரதியைத் தேட வேண்டியதே இல்லை. மகளின் விருப்பப்படி அதை அந்தத் தாய்க்கு அஞ்சலில் அனுப்பியவரே தாங்கள்தான். அவரிடம் போய்க் கேட்கவோ, சோல்வையிடம் வாய்திறக்கவோ முப்பது ஆண்டுகளாகத் தங்களுக்குத் துணிவு வரவில்லை.

அம்மையீர், எங்களை மன்னிக்க வேண்டும். தங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டோம். அந்தப் பிரதியைத் தங்களுக்குப் பிரிவுப் பரிசாகக் கொண்டுவர, போன மாதம் தோர்பெனை அனுப்பினோம். தாங்கள் திருத்திய பிரதி ஒன்றைப் பையில் வைத்து, கிழவி காப்பி போடப் போகும் நேரம் பார்த்து மாற்றிவிடுவது திட்டம். மொழிபெயர்ப்பாளனைத் திருடனாக்கிய பெருமை எங்களையே சேரும்.

கப்பலில் தோர்பென் திட்டத்தைப் பத்து முறை ஒத்திகை பார்த்தார். அந்தத் தாயின் ஊரான ஃப்ளெக்கெஃபியோர்டில் பேருந்தை விட்டு இறங்கியதுமே திரும்பும் பேருந்தின் நேரத்தைத் தேடினார். அந்த அம்மாள் சிரிப்பைப் படித்திருந்தால்? தன் துக்கத்தைக் கேலி செய்தவர்களின் ஆள் என்று கதவைச் சாத்தினால்? படிக்காதிருந்து, தன்னால்தான் இன்று தெரிந்துகொண்டால்? எண்பத்தெட்டு வயது நெஞ்சு தாங்குமா? வெள்ளை வீட்டின் மணியை அழுத்த எடுத்த விரலை இருமுறை பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மகளோட டேனிஷ் புத்தகக் கம்பெனியா? உள்ள வாப்பா, குளிருதுல்ல" என்று கதவு திறந்தது. மேசையில் வாஃபிள் அப்பம் வந்தது, பழுப்புப் பாலாடைக்கட்டி வந்தது. காப்பிக்காக அவர் சமையலறைக்குள் போனார். தோர்பென் எழுந்தார். புத்தகம் அலமாரியில் கண்ணெதிரே இருந்தது. இழுத்தார், பையைத் திறந்தார், இரண்டு பிரதிகளும் இரண்டு கையில் இருக்க, பின்னால் குரல் கேட்டது.

"என்னத்தத் தேடுற தம்பி?"

தோர்பென் கையிலிருந்து நானூறாவது பிரதியை அந்த அம்மாள் வாங்கினார். அது தானாகவே நாற்பத்தேழாம் பக்கத்தில் விரிந்தது. அத்தனை முறை விரிந்த பக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது. தொலைந்தோம் என்று நினைத்தார் தோர்பென்.

அந்த அம்மாள் விரல் வைத்து, தம் ஊர் உச்சரிப்பில், உரக்கப் படித்தார். 'கிரீனெ' வந்த இடத்தில் நின்றார். "அன்னைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். மகள் அதை எழுதிட்டா. டேனிஷ்காரங்க மாத்திப்புடுவாங்களோன்னு பயந்துகிட்டேதான் இதைத் திறந்தேன். பாரு, என் சொல்லையே அப்படியே வச்சிருக்காங்க. யாரோ புண்ணியவதி."

அம்மையீர், அது நார்வேக்காரியின் கண். அந்தக் கண்ணுக்கு அங்கே சிரிப்பே இல்லை. சோல்வையின் கண்ணுக்கும் இருந்ததில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் நிறைந்த அலுவலகத்தில், முப்பது ஆண்டுகளில், எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே! தாங்கள் பயந்த பயத்தில் நாங்களும் டேனிஷ் கண்ணாலேயே அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குள் அவர் தோர்பெனின் மறு கையிலிருந்த பிரதியையும் வாங்கிப் புரட்டிவிட்டார். தங்கள் பேனாக் கோட்டைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்தது. "இது யாரு கிறுக்கினது? நல்லா இருந்த சொல்லை எதுக்கு அடிச்சு வச்சிருக்கீங்க?"

தோர்பென் வாஃபிளைத் தின்றார், வெறுங்கையோடு திரும்பினார். நானூறாவது பிரதி இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. ஆகவே தங்களுக்குத் தர எங்களிடம் அந்தத் தாள் மட்டுமே உள்ளது, கடைசி எண்ணின் மேல் கோடு போடாமல். அந்தக் கோட்டைத் தாங்களே போட வேண்டும், இங்கேயே, எங்கள் கண்முன்.

நீடு வாழ்க, நோயின்றி வாழ்க, இனிமேலாவது மின்தூக்கியில் ஏறி வாழ்க! எங்கள் நிலைதான் கவலைக்கிடம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு யாரும் எங்களை எதுவும் கேட்கப் போவதில்லை என்பதை நினைத்தால் இப்போதே பயம் பிடித்துக்கொள்கிறது. தங்கள் பயத்தில் பாதியை எங்களிடம் விட்டுச் செல்லுங்கள். அதை வைத்துப் பிழைத்துக்கொள்வோம்.

அன்போடும் அச்சத்தோடும்,
தோர்பென், வீபெக்கெ மற்றும் 'முதல் வரி' பதிப்பகப் பணியாளர்கள்
ஆர்ஹூஸ்