தேசொப் வாசிக்க மறுத்த சொல்

நா ஒக்சுன், வயது அறுபத்துமூன்று, குவாங்ஜு நகரம், சந்தைத் தெருவில் கிம்ச்சி ஊறுகாயும் தொட்டுக்கொள்ளும் கறிகளும் விற்கும் கடைக்காரி ஆகிய நான், காவலர் மா தேசொப் மீதான துறை விசாரணையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்லும் வாக்குமூலம்.

எங்கள் சந்தைக்குப் பின்னால், 1980 மே மாதம் ஜனநாயகம் கேட்ட எங்கள் ஊர்மக்கள் மேல் ராணுவம் சுட்ட குண்டுகளின் தழும்போடு ஒரு சுவர் நிற்கிறது. அதை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டப் போவதாகக் கேள்விப்பட்டு, இந்த மாதம் ஐந்தாம் தேதி காலையில் சந்தைக்காரர்கள் எல்லோரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். கூட்டம் கூடினால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. நான் அண்டாவில் சோறாக்கி, உப்பும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துக் கொடுத்தேன். காவலர்களிடமும் நீட்டினேன். ஒலிபெருக்கி வண்டியருகே நின்ற தேசொப், "டியூட்டில இருக்கேன் சித்தி, வேணாம்" என்றார். "பட்டினி கெடந்தா புரமோஷன் குடுப்பாங்களாக்கும்" என்று கேலி செய்துவிட்டு நகர்ந்தேன்.

அதன் பிறகு அவருடைய அதிகாரி, கலைந்து போகச் சொல்லும் எச்சரிக்கை எழுதிய ஒரு காகிதத்தைக் கொடுத்து மைக்கில் வாசிக்கச் சொன்னார். மூன்று முறை எச்சரித்துவிட்டால் எங்களைக் கைது செய்யலாம். காகிதத்தைப் பார்த்த தேசொப், "சார், இவங்களைக் கலகக்காரங்கன்னு எழுதியிருக்கு. இந்த ஊர்ல அதைச் சொல்ல என்னால ஆகாது" என்றார். "உங்கிட்ட அபிப்பிராயமா கேட்டேன்? படிய்யா!" என்று அதிகாரி சத்தம் போட்டார்.

1980-இல் வானொலியில் எங்களைக் கலகக்காரர்கள் என்று சொல்லிச் சொல்லியே சுட்டதை நியாயமாக்கினார்கள். என் அண்ணன் அந்தப் பெயரோடுதான் செத்தான். ஊர் விடாமல் பேசிப் பேசித்தான், பல வருடம் கழித்து அரசாங்கம் சட்டம் போட்டு அந்தப் பெயரைத் துடைத்தது. அதைப் பார்க்க அம்மா உயிரோடு இல்லை.

அதிகாரி சத்தம் போட்டதும் தேசொப் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "குடிமக்களே, வழியை விட்டு ஓரமா உக்காருங்க" என்று மட்டும் சொன்னார். நாங்கள் எழுந்து ஓரமாக உட்கார்ந்தோம். யாரையும் கைது செய்ய வேண்டியிருக்கவில்லை. காவல்துறை ஒலிபெருக்கி என்னைக் குடிமகள் என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

உடனே அதிகாரி மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, அவரைப் பணியிலிருந்து விலக்கியதாக எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அதன் பிறகுதான் நான் ஓர் உருண்டையை என் கையாலேயே அவருக்கு ஊட்டினேன். சோற்றை வாங்கித் தின்றுவிட்டு எங்கள் பக்கம் சாய்ந்தார் என்று அவர் மேல் சொல்லும் குற்றச்சாட்டு பொய். தின்றது உண்மை, ஆனால் அப்போது அவர் டியூட்டியில் இல்லை.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு நான் சொல்வது: அன்றைக்கு அவருக்குச் சோறு ஊட்டினேனே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வந்துவிட்டேன். இதன் நகல் ஒன்று அவர் கைக்குப் போகும் என்கிறீர்கள். அப்படியானால் இதையும் எழுதுங்கள். "நல்லாயிருப்பே தம்பி. எங்கண்ணன் பேரால உனக்கு நன்றி சொல்றேன்."

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) நா ஒக்சுன்