தங்கையின் வலது கை

பிசியோதெரபிஸ்ட் என்று தெரிந்ததும் எல்லோரும் தங்கள் முதுகைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். லிஃப்டில் பேசுவார்கள், வங்கி வரிசையில் பேசுவார்கள். ஒருமுறை துக்க வீட்டில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே முழங்காலை நீட்டிக் காட்டினார். நான் முகம் சுளித்ததில்லை. நீங்களும் வந்ததிலிருந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கணினித் திரை தாழ்ந்திருக்கிறது. அடியில் தடித்த புத்தகம் ஏதாவது வையுங்கள், சரியாகிவிடும்.

சரி, கேட்டதற்கு வருகிறேன்.

குழந்தை பிறந்த அடுத்த வாரம் என் தங்கைக்குப் பக்கவாதம் வந்தது. பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் பேச்சுக் குழறி ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். உயிர் தப்பியது. பேச்சு தெளிந்தது, காலும் மெல்ல மெல்லத் திரும்பியது. வலது கை மட்டும் தோளிலிருந்து தொங்கியது. அவள் கணவருக்கு வேலை தொலைவில், வாரக் கடைசியில்தான் வர முடியும். "அக்கா, உங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?" என்றார். யாரும் இல்லைதான். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் தனியாள், என் தொழிலே இது. மூவருக்கும் என் வீட்டைத் திறந்துவிட்டேன். எனக்குக் குழந்தை இல்லை என்பதைக் காரணமாக எழுதிக்கொள்ளாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள்.

உங்களுக்குப் புரியவேண்டும் என்பதால் கொஞ்சம் தொழில் பேசுகிறேன். பக்கவாதத்தில் கைக்கு ஒன்றும் ஆவதில்லை. கையை ஆளும் மூளைதான் அடிவாங்குகிறது. நோயாளி அந்தக் கையைத் தூக்கப் பார்ப்பார், வராது. நல்ல கையால் வேலையை முடித்துக்கொள்வார். நாலு தடவை இப்படி ஆனால் ஐந்தாம் தடவை முயலவே மாட்டார். பிறகு மூளை தேறி, கைக்கு உத்தரவு போகும் வழி திறந்தாலும், கை கிடந்தபடியே கிடக்கும். அதை இல்லாததாகவே வாழ அவர் பழகியிருப்பார். முதல் சில மாதங்களில்தான் மூளை புதிதாகக் கற்க அதிகம் தயாராக இருக்கிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன. அந்த நாட்களில் நல்ல கைக்குத் தடித்த கையுறையை மாட்டிவிட்டு, பலவீனமான கையை விடாமல் வேலை வாங்குவோம். எங்கள் பிரிவிலும் அப்படி ஓர் ஆய்வு நடந்தது. நடத்தியவர்களில் நானும் ஒருத்தி. நோயாளிகளின் வீட்டாரை உட்காரவைத்து நான்தான் சொல்வேன்: "பாவம்னு ஊட்டி விடாதீங்க. பொத்தான அவரே போடட்டும், எவ்வளவு நேரமானாலும் சரி. நீங்க உதவின்னு நெனச்சு செய்யிறது எல்லாம் அந்தக் கைக்குப் போடுற பூட்டு."

என் தங்கைக்கு நான் எல்லா உதவியும் செய்தேன்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. உண்மையாகவே பயிற்சி கொடுத்தேன். ஒரு மாலை அவளுடைய ஆள்காட்டி விரல் லேசாக மடங்கியது. பிறகு கட்டைவிரல். "அக்கா, பாரு, அசையுது. கொஞ்ச நாள்ல நானே பாப்பாவத் தூக்கிடுவேன். உனக்கும் ஓய்வு கெடைக்கும்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. குழந்தை அப்போது என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. "அவசரப்படாதடி" என்றேன். அவ்வளவுதான். அன்று அந்த ஒரு சொல்லுக்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை.

மறுநாள் அவள் கரண்டியை எடுக்கத் தடுமாறியபோது நானே வாங்கி ஊட்டிவிட்டேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்றாள். அதன்பிறகு குளிப்பாட்டினேன், பல் தேய்த்துவிட்டேன், புத்தகத்தின் பக்கத்தைக்கூட நானே திருப்பினேன். கையை அசையாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டையைப் பகல் முழுவதும் மாட்டிவைத்தேன். வலுக்கட்டாயமாக அசைத்தால் ரத்த அழுத்தம் ஏறும், இன்னொரு தாக்குதல் வரலாம், அது உயிரோடு விடாது என்று சொன்னேன். எந்த ஆய்விலும் அப்படி இல்லை. அக்கா சொன்னால் அவளுக்கு அப்பீலே கிடையாது.

ஒன்று மட்டும் என்னைத் தொந்தரவு செய்தது. பிற்பகலில் அவள் தூங்கும்போது அந்தக் கை தூங்காது. விரல்கள் மெதுவாக விரிந்து மூடும். போர்வையின் ஓரத்தைத் தடவித் தடவிப் போகும். ஏதோ அங்கே இருந்தது, இப்போது காணோம் என்பதுபோல. பட்டை கட்டிலின் மரச்சட்டத்தில் இடித்து டொக் டொக் என்று கேட்கும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பயமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் வேறு பக்கம் பார்க்க முடியவில்லை. இங்கே காவலர் யாராவது விரலால் மேசையைத் தட்டினாலும் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது.

குழந்தை முதலில் சொன்ன சொல் 'ம்மா'. என்னைப் பார்த்துச் சொன்னது. தங்கை பக்கத்து நாற்காலியில் இருந்தாள். "பெரியம்மான்னு சொல்லப் பாக்குதுடி, முதல் பாதி வாய்க்குள்ளயே மாட்டிக்கிச்சு" என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் கொஞ்ச நேரம் அதிகமாகவே சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் அவள் பிடிவாதம் பிடித்தாள். நான் சமையலறையில் இருந்த நேரம், எனக்குத் தெரியாமல் பட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தையை இடது கையால் இழுத்து மடியில் ஏற்றியிருக்கிறாள். நான் எட்டிப் பார்த்தபோது சோபாவில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தாள். குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தது. வலது கை அதன் முதுகைச் சுற்றி அணைத்திருந்தது. தூக்கத்திலும் பிடி தளரவில்லை. தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல பிடி.

அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். குழந்தையை எடுத்துத் தரையில், பாயில் படுக்கவைத்தேன். முகத்தைச் சற்றுத் தரைப்பக்கம் திருப்பினேன். பிறகு தொடையில் கிள்ளினேன். பலமாக இல்லை. அழவேண்டும், அவ்வளவுதான். சத்தம் கேட்டு அவள் பதறி எழுந்தபோது நான் கதவருகிலிருந்து ஓடிவருவதுபோல வந்து அள்ளிக்கொண்டேன். "ஒண்ணுமில்லடி. உன் கை நழுவிடுச்சு. பாய் இருந்ததால தப்பிச்சோம். அவர்கிட்டச் சொல்லவேணாம்" என்றேன்.

அவள் தன் வலது கையைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது. பிறகு அதை இடது கையால் தூக்கி, தானே பட்டைக்குள் நுழைத்துக்கொண்டாள். அதற்குப்பின் நான் மாட்டிவிட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

நான் பிடிபட்டது ஒரு கருத்தரங்கால். எங்கள் ஆய்வைப் பற்றிப் பேச என்னை வெளியூருக்கு அனுப்பினார்கள். பயன்படுத்தாத கை எப்படி மறந்துபோகிறது என்று பேசினேன். நன்றாகப் பேசினேன். அந்த நேரத்தில் வீட்டில் என் தங்கையின் கணவர் விடுப்பு எடுத்துவந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதருக்கு ஒரு வேலையும் உருப்படியாக வராது. டயப்பரைத் திருப்பி மாட்டுவார், பால் புட்டியின் மூடியைத் தொலைப்பார். "எனக்கு ஒரு கைதான் காலியா இருக்கு, இதப் பிடி. இல்ல, வலது கையால பிடி, இடது கை வேற வேலைக்கு வேணும்" என்று அவளை ஓயாமல் ஏவியிருக்கிறார். அவள் மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். அவருக்கு அதைக் கவனிக்கக்கூட நேரமில்லை. இரண்டாம் நாள் அவள் கை புட்டியைப் பிடித்துக்கொண்டது.

அவர் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் அவளை எங்கள் பிரிவுக்கே அழைத்துப் போயிருக்கிறார். அங்கே எங்கள் தலைமை பிசியோதெரபிஸ்ட் இருந்தார். கையைச் சோதித்துவிட்டு, "இவ்வளவு அசைவு இருக்கே, வீட்டுல இந்தக் கையால என்ன செய்வீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒண்ணும் செய்ய மாட்டேங்க. அசைச்சா உயிருக்கு ஆபத்துன்னு அக்கா சொல்லியிருக்கா."

நான் ஊர் திரும்பியபோது வீடு காலியாக இருந்தது.

அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். தலைமை பிசியோதெரபிஸ்ட் புகார் கொடுத்தார். பிந்திப் பயிற்சி கொடுத்தாலும் கடுமையாகக் கொடுத்தால் பலன் இருக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. என் தங்கை அதற்கு இன்னொரு சாட்சி.

ஒரு தடவை வந்தார்கள், குழந்தையின் துணிகளை எடுத்துப்போக. அவளுடைய இடது கையில் கையுறை இருந்தது. வாசல் கண்ணாடிக் கதவின் கைப்பிடியை வலது கையால் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். விரல்கள் வழுக்கின. மறுபடி பிடித்தாள், மறுபடி வழுக்கியது. நான் உள்ளிருந்து திறக்கப் போனேன்.

"விடுங்க. அவளே திறப்பா" என்றார் கண்ணாடிக்கு வெளியே அவள் கணவர். அக்கா என்று சொல்லவில்லை.

திறந்தாள். உள்ளே வந்து என்னைத் திட்டவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன், அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு நான் பாப்பாவக் கீழ போட்டேனா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. குழந்தை அப்போது அவள் கணவரின் தோளிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டியது.

"ஆமாடி" என்றேன். "ஆனா அது உன் தப்பில்ல."

அவள் தலையசைத்தாள். என்னிடம் தாவப் பார்த்த குழந்தையைத் தடுக்க வலது கையை நீட்டினாள். பாதி வழியில் கை நின்றது. அதை மடக்கித் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் கோப்பையைத் தூக்குகிறாள், எழுதுகிறாள், பொத்தான் போடுகிறாள், குழந்தையை மட்டும் தூக்க மறுக்கிறாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை என்றீர்கள். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். அவள் போடவில்லை. ஒருநாளும் போடவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தைரியம் வந்து தூக்கப்போய் ஒருநாள் உண்மையாகவே போட்டுவிட்டால் அவள் தாங்கமாட்டாள். ஓடிவந்து எடுக்க நான் பக்கத்தில் இல்லையே.