லாரி வராத நாள்

— வீட்டையே மூட்டை கட்டியாச்சு. ஜன்னல் கம்பியில மட்டும் என்ன அந்த மஞ்சள் துணி?

— இருக்கட்டும். கதவைப் பூட்டுங்க.

— காயப் போட்டிருக்கியா?

— ஆமா, காயப் போட்டிருக்கேன். பூட்டுங்கன்னா...

— எங்க போறோம்னு சொல்லு முதல்ல.

— லாரி நாளைக்குத்தான் வரும்னு உங்க காதுலயும் விழுந்துச்சில்ல? உக்கார ஒரு நாற்காலி கூட வெளியில இல்ல. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல நமக்கு இப்படி ஒரு வெத்து நாள் கிடைச்சிருக்கா?

— அதுக்கு?

— நம்ம ஜன்னல்ல தெரியுதே, அந்தத் தீவுக்குப் போலாம்.

— ஆரம்பிச்சிட்டியா...

— ஆரம்பிச்சது அப்பவே. இன்னைக்கு முடிச்சிடலாம்.

— முட்டி வலின்னு நேத்துதானே சொன்ன?

— படகுதானே போகப்போகுது, என் முட்டியா போகப்போகுது?

— அதில்ல, யாராவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா என்னை...

— லிஃப்ட்காரரே, நீங்க ரிட்டையராகி நாலு மாசம் ஆச்சு. மாட்டிக்கிட்டவங்களை இனிமே வேற ஆள் எறக்கி விடட்டும். எத்தனை தடவை... நான் புடவை மாத்திட்டு வாசல்ல நிப்பேன். உங்களுக்குன்னு ஒருத்தன் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல தொங்குவான்.

— தொங்கினா நான் என்ன பண்றது?

— கரெக்டா லீவு நாள்ல மட்டும் தொங்குவான்!

— சரி, சரி... பூட்டிட்டேன். நட.

*

— ரெண்டு பேரா? ஏறுங்கக்கா, கையைக் குடுங்க. அண்ணே, நீங்களும் வாங்க.

— படகுக்காரரே, கடல் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கே? வேணாம்னா சொல்லிடுங்க, நாங்க வீட்டுக்குப் போயிடறோம்.

— கடலா? தட்டுல ஊத்தின தண்ணி மாதிரி கிடக்குதுண்ணே.

— கேட்டீங்களா? ஏறுங்க.

— அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்களே?

— அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. மூணு மணிக்குக் கடைசிப் படகு. விட்டீங்கன்னா ஆடுங்களோட படுக்கணும். அவ்வளவுதான் நான் சொல்லுவேன்.

— பாரு, ஆடாம்!

— அங்க என்ன இருக்குன்னு நான் கேட்டேனா? நீங்க கூட வரீங்களான்னுதானே இத்தனை வருஷமா கேக்கறேன்.

— அதான் ஏறிட்டேனே... ஏய், அந்தப் பக்கம் உக்காராத. முனையில திரும்பும்போது தண்ணி பூரா அங்கதான் தெறிக்கும்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ...காத்தைப் பாத்தா தெரியாதா?

— எங்க இருக்கு காத்து?

— சொன்ன எடத்துல உக்காரேன்.

— சரிங்க.

— என்ன, பேசாம வர?

— நாளன்னைக்கு பொண்ணு வீட்டுல இருப்போம். அங்க ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுச் சுவர். போன மாசமே பாத்தேன்.

— உன் தையல் மெஷினை ஹால்ல போட்டுக்கலாம்.

— அங்கயும் சுவர்தான். யூனிபார்ம் ஓரம் மடிச்சு மடிச்சு கண்ணு எரியும்போது தலையைத் தூக்குவேன். தீவு நிக்கும். அங்க தலையைத் தூக்கினா... எதிர்வீட்டுக் குழாய்.

— அதுக்குத்தான் சொல்றேன். தூரத்துல இருந்து பாக்கறது வேற. கிட்டப் போனா சில சமயம்...

— சில சமயம்?

— ஒண்ணுமில்ல. தண்ணியில கை வைக்காத.

*

— எறங்குங்க, எறங்குங்க. அக்கா, மூணு மணி! மறந்துடாதீங்க.

— கையைப் பிடிச்சுக்கோ. மூணாவது படி ஆடும், அதுல கால் வைக்காத.

— மூணாவது படியா?

— என்ன அப்படிப் பாக்கற?

— நாம இன்னும் முதல் படியிலயே கால் வைக்கல. எப்ப வந்தீங்க?

— ...பொண்ணை ஸ்கூல்ல சேர்த்தோமே, அந்த வருஷம்.

— யாரோட?

— யாரோடவா! தனியாத்தான். அன்னைக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சுது. நீ தினமும் தீவு, தீவுன்னு... முதல்ல நான் போய் பாத்துட்டு, அப்புறம் உன்னைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்.

— அப்புறம் ஏன் கூட்டிட்டு வரல?

— நீயே பாரேன். பூட்டின கலங்கரை விளக்கம். தண்ணி வராத ஒரு குழாய். அஞ்சாறு ஆடு. தீவு முடிஞ்சு போச்சு. நீ மெஷின்ல இருந்து தலையைத் தூக்கற பாரு... அந்த ஒரு நிமிஷம்தான் உன் முகம் கொஞ்சம் லேசா இருக்கும். அதையும் நானே கெடுக்கணுமா?

— அதுக்காக இத்தனை வருஷம் ஆளுங்களை லிஃப்ட்ல தொங்க விட்டீங்க.

— ரெண்டு மூணு பேர் நெசமாவே தொங்கினாங்க.

— நம்பிட்டேன்.

— கோவமா?

— கோவப்பட எனக்கு வாய் இல்ல.

— என்னது?

— ஒண்ணுமில்ல. இந்தப் பாறையில உக்காருங்க... இன்னும் கொஞ்சம் தள்ளி. எனக்கு எடம் வேணாமா?

— ஏமாந்துட்டதானே? உண்மையைச் சொல்லு.

— இல்ல.

— ஆட்டைப் பாக்கவா இத்தனை வருஷம் கேட்ட?

— ஆட்டை யார் பாக்கறா? இந்தப் பக்கம் திரும்புங்க. கரையைப் பாருங்க.

— அன்னைக்கும் இங்கதான் உக்காந்தேன். நம்ம வீட்டை ஒரு மணி நேரம் தேடினேன். எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி... நீ மெஷின்ல உக்காந்து இங்கதான் பாத்துக்கிட்டு இருப்பன்னு தெரியும். எந்த ஜன்னல்லன்னுதான் தெரியல. கையைக் கூட ஆட்டினேன், எல்லாத்துக்கும் பொதுவா.

— ஆட்டினீங்களா?

— சிரிக்காத.

— சிரிக்கல... பெரிய தண்ணித் தொட்டி தெரியுதா? அதுக்கு இடது பக்கம். ரெண்டு மாடி கீழ எறங்குங்க.

— இரு... என்னமோ மஞ்சளா...

— ம்.

— அட! அது நம்ம ஜன்னலா? ஏய், நம்ம வீடு! இதுக்குத்தான் கட்டினியா? இங்க வந்தா வீட்டைத் தேடுவோம்னு உனக்கு எப்படித் தோணுச்சு?

— போன தடவை நான் இங்க வந்தப்ப, யூனிபார்ம்ல மிஞ்சின வெள்ளைத் துணியைக் கட்டிட்டு வந்தேன். இங்க உக்காந்து பாத்தா, பாதி ஊரு வெள்ளையத்தான் காயப் போட்டிருக்கு.