செத்த வீட்டு சீன்

ஆமா மிஸ், அது நான்தான். படத்துல பாத்ததுக்கு இப்ப கொஞ்சம் மெலிஞ்சிருக்கேன், அதான் ஒங்களுக்கு அடையாளம் தெரியல. உள்ள வாங்க. செருப்போடயே வாங்க, பரவால்ல, மழைக்கு வாசலெல்லாம் சகதி. இந்தப் பொஸ்தகத்தப் பாத்துட்டா தேடி வந்தீங்க? ஓ, நம்ம மெம்பர் ஜெயக்காந்தன் அச்சடிச்சு, கொழும்புக்கும் இந்தியாவுக்கும் அனுப்பினது. படம் எடுக்க மாத்தளைக்கு வாங்கன்னு போட்டு, ரிவர்ஸ்டன் மலைக்குப் பக்கத்துல என் மூஞ்சி. வாயப் பொளந்து அழுறேன். என்னக் கேட்டுப் போடல. கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.

ஆனா நடிக்க நான் வரல மிஸ். அத மொதல்லயே சொல்லிர்றேன். இந்த லயத்து வரிசையில மத்த வீட்டுக் காம்பராவுல கேளுங்க, எல்லாரும் சந்தோசமா வருவாங்க. கோவமா? யாரு மேல கோவம்? ஒக்காருங்க, தேத்தண்ணி வைக்கிறேன். அவ்ளோ தூரம் ஏறி வந்துட்டு சும்மா போகக் கூடாது.

மூணு வருஷத்துக்கு முந்தி ஜெயக்காந்தன் கோயில்ல கூட்டம் வச்சாரு. பிரதேச சபை மெம்பரா இருந்தாலும் அவரும் இதே தேயிலத் தோட்டத்துல பொறந்தவருதான். கெட்ட மனுசன்னு நான் சொல்ல மாட்டேன். நம்மகிட்ட மலை இருக்கு, பனி இருக்கு, வெள்ளக்காரன் காலத்து பேக்டரி இருக்கு, படம் புடிக்கிறவனுக்கு இது போதும்னாரு. ஒரு கம்பனி வந்து நல்லபடியா எடுத்துட்டுப் போயிட்டா பத்து கம்பனி தேடி வரும், ரோட்டு வரும், ஹோட்டல் வரும், நம்ம பொம்பளப் புள்ளைங்க கொழும்புல வீட்டு வேலைக்குப் போகத் தேவையில்லன்னாரு. எல்லாரும் கை தட்டினோம். எல்லாருக்கும் மேல ஹம்சிகாதான் தட்டினா. என் மக. ஒரே மக. அவ ரெண்டு வருஷம் கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்கு நின்னவ, அதான்.

மறு வருஷம் கம்பனி வந்துச்சு. டைரக்டரு மெட்ராஸ்காரரு, மரியாதயான ஆளு, எங்கள வாங்க போங்கன்னுதான் பேசுவாரு. கத என்னன்னா, மண்சரிவுல மகனப் பறிகொடுக்குற ஒரு கொழுந்து பறிக்கிற அம்மா. எங்களயெல்லாம் வரிசையா நிக்க வச்சுப் பாத்துட்டு, நீங்க வாங்கம்மான்னு என்னக் கூப்பிட்டாரு. ஏன் என்னன்னு இன்னிக்கும் தெரியாது.

சிரிக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். அவருக்கு எங்க லயம் புடிக்கல. டிஷ் அன்டெனா இருக்காம், நீலத் தண்ணித் தாங்கி இருக்காம், பழைய லயம் மாதிரி இல்லையாம். அதுனால மேல ஏழாம் நம்பர் மலையில பலகையும் தகரமும் வச்சு ஒரு லயம் கட்டினாங்க. பன்னெண்டு காம்பரா, இதே மாதிரி. கரிய அள்ளிப் பூசி, கந்தல் துணியக் கட்டி, நாங்க இருக்குற வீட்டு மாதிரியே ஒரு வீடு. அங்கதான் செத்த வீட்டு சீன்.

ஹம்சிகாவுக்கு அப்ப எட்டு மாசம். மருமகன் டிலக்சன் கட்டார்ல லொறி ஓட்டுறாரு, அதுனால புள்ளப் பேறுக்கு என்கிட்ட வந்திருந்தா. அன்னிக்குக் காலையில அவளும் கெளம்பிட்டா. நல்ல சாரி ஒண்ண உடுத்துக்கிட்டு நிக்கிறா. நான் விடல. புள்ளத்தாச்சி செத்த வீட்டுக்கு வரக் கூடாது, நடிப்புன்னாலும் வேணாம்னேன். அதெல்லாம் சும்மா பொம்ம செத்த வீடும்மான்னு சிணுங்கினா. ஏசிட்டேன். அப்புறம் சிரிச்சுக்கிட்டே என்ன ஒக்கார வச்சு தல சீவி விட்டா. சினிமாவுல வாற மூஞ்சி, எண்ண வழிஞ்சா அசிங்கமா இருக்கும்னு தொடச்சு விட்டா. மேல போனதும் அங்க ஒரு பொண்ணு வந்து அந்தத் தலயக் கலச்சு, மண்ண எடுத்துப் பூசிருச்சு.

லயமே மேல வந்துருச்சு மிஸ். தோட்டத்துத் தொர லீவு குடுத்துட்டாரு. சின்னது பெருசு எல்லாம். கீழ கடைசிக் காம்பரா நல்லையா மாமா மட்டும் இருந்தாரு. அவருக்குக் காதும் கேக்காது, காலும் ஏலாது. ஹம்சிகாவுக்குத் தொணைக்கு யாராவது நில்லுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல. எல்லாருக்கும் ஆசை இருக்குமில்லையா. எட்டு மாசம்தானே, போன் இருக்கு, ஒரு கோல் எடுத்தா அர மணித்தியாலத்துல எறங்கி வந்துரலாம்னு நெனச்சேன்.

மேல போனா போனக் கேட்டாங்க. யாரோ கதாநாயகியப் படம் புடிச்சு பேஸ்புக்குல போட்டுட்டாங்களாம் முந்தின நாளு. அதுனால ஒரு பொண்ணு துணிப் பை ஒண்ணு கொண்டு வந்து எல்லாருடையதையும் வாங்கிச்சு. நானும் போட்டேன். எங்க சனத்தோட போன் மட்டுமில்ல, மாத்தளையிலருந்து வேன் ஓட்டிட்டு வந்த பதுர்தீன் நானாவோடதும் அதுக்குள்ளதான்.

பொணமா கெடந்த தம்பி கொழும்புக்காரன். நல்ல புள்ள. மூக்குல பஞ்ச வச்சுக்கிட்டே என்னப் பாத்து சாப்புட்டீங்களாம்மான்னு கேக்குது. நான் எப்பிடி அழுறது? ரெண்டு தடவ எடுத்தாங்க, எனக்கு வரல. கண்ணுல ஊத்த மருந்து கொண்டு வந்தாங்க. டைரக்டரு அதத் தடுத்துட்டு என் பக்கத்துல மண்ணுலயே ஒக்காந்தாரு. ஒங்க வீட்டுல யாரும் எறந்திருக்காங்களாம்மான்னு கேட்டாரு.

என் வீட்டுக்காரரு குளவி கொத்திச் செத்தவரு மிஸ். மலையில என் கண்ணு முன்னால. ஒடம்பெல்லாம் வீங்கி, மூஞ்சியே தெரியல. அன்னிக்கு நான் அழல. ஹம்சிகாவுக்கு பத்து வயசு, என் முந்தானயப் புடிச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டு நிக்கிது. நான் அழுதா அது பயந்துரும்னு அழல. நாள் கழிச்சு அழலாம்னா, அப்புறம் வரவே இல்ல. கல்நெஞ்சுக்காரின்னு அவரு வீட்டு ஆளுங்க பேசினாங்க. பேசட்டும்னு விட்டுட்டேன்.

அத டைரக்டருகிட்ட சொன்னேன். அவரு எழும்பிப் போயி கமராவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, சரிம்மா, இப்ப அழுங்கன்னாரு.

அவ்ளோதான். எங்கருந்து வந்துச்சுன்னு தெரியல. அந்தத் தம்பி நெஞ்சுல மூஞ்சிய வச்சு, என் வீட்டுக்காரரு பேரச் சொல்லிச் சொல்லி அழுதேன். கதையில மகன் பேரு வேற. யாரும் நிறுத்தல. எங்க சனமெல்லாம் நெசமாவே அழுதாங்க. முடிஞ்சதும் டைரக்டரு வந்து என் ரெண்டு கையயும் புடிச்சுக்கிட்டாரு, அவரு கண்ணும் செவந்திருந்துச்சு. ஒடம்பு எப்பிடி இருந்துச்சு தெரியுமா மிஸ்? கொழுந்துக் கூடைய எறக்கி வச்சா தோளு எப்பிடி இருக்கும், அப்பிடி.

அஞ்சு மணி வரைக்கும் அங்கதான் இருந்தோம். பனி வாறதும் போறதுமா, எடுத்ததையே எடுத்தாங்க. பனி நல்லா மூடினதும்தான் பைய அவுத்தாங்க.

மொதல்ல பக்கத்துக் காம்பரா வேலம்மா தன் போனப் பாத்துட்டு, ஏன் ஹம்சிகா எனக்கு எடுத்திருக்கான்னுச்சு. அடுத்தது இன்னொருத்தி, எனக்கும் எடுத்திருக்காளேங்குறா. பதுர்தீன் நானாவுக்கும். ஒவ்வொருத்தரா போனப் பாத்துட்டு என்னப் பாக்குறாங்க. எனக்கு மட்டும் பதினாலு தடவ. மொதக் கோல் ஒண்ணு அம்பதுக்கு. கடைசியில தெரியாத நம்பர் ஒண்ணு, அது ஆஸ்பத்திரி.

ரத்தம் போயிருக்கு மிஸ். ஆம்புலன்ஸுக்கும் சொல்லியிருக்கா, அவ புத்திசாலிதான். அதுவும் வந்திருக்கு. ஆனா கீழ ரோட்டுல போக்குப் பாலத்துக்கிட்ட கம்பனியோட ஜெனரேட்டர் லொறி பாதைய அடைச்சுக்கிட்டு நின்னுச்சு, டிரைவர் மேல எங்களோட நின்னு வேடிக்க பாத்துக்கிட்டு இருந்தாரு. அவங்க ஸ்ட்ரெச்சரத் தூக்கிக்கிட்டு நடந்து ஏறினா, இவ இங்க இருக்க ஏலாம படியில எறங்கியிருக்கா. பாதிப் படியில விழுந்து கெடந்தாளாம். நாலரைக்கு ஆஸ்பத்திரியில முடிஞ்சுருச்சு. புள்ளயும் இல்ல. ஆம்பளப் புள்ளயாம்.

பையப் புடிச்சிருந்த அந்தப் பொண்ணு எட்டாம் நாள் காரியத்துக்கு வந்து என் கால்ல விழுந்துச்சு. பை ஆடிக்கிட்டே இருந்துச்சாம்மா, சத்தம் பதிஞ்சுரும்னு கொண்டு போயி வேனுக்குள்ள வச்சுட்டேன்னு சொல்லி அழுதுச்சு. ஒங்க வயசுதான் இருக்கும் அதுக்கும். பாவம், அது என்ன செய்யும்.

அதுக்கப்புறம் தொழிற்சங்கத் தலைவருமாரு வந்தாங்க, பொலிசு வந்துச்சு. எல்லாரும் கம்பனி மேலதான் பழி. போனப் புடுங்கினாங்க, லொறிய நிப்பாட்டினாங்க, தாயக் கட்டிப் போட்ட மாதிரி வச்சிருந்தாங்கன்னு பேப்பர்லயும் எழுதினாங்க. ஜெயக்காந்தன் இங்க வந்து தலயக் குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. ஆனா என்ன, படம் ஓடிச்சு. அதுக்குப் பொறகு நாலு கம்பனி வந்துருச்சு, நீங்க அஞ்சாவது. பக்கத்து ஊரு எல்கடுவயில ரெண்டு கெஸ்ட் ஹவுஸ் தொறந்திருக்காங்க. வேலம்மா மக அதுல ஒண்ணுல வேல செய்யுது, பொழுது சாய வீட்டுக்கு வந்துருது. ஜெயக்காந்தன் பொய் சொல்லல.

மருமகன் இப்பவும் வெள்ளிக்கெழமையானா கோல் எடுப்பாரு. மாமி சாப்புட்டீங்களா, மருந்து குடிச்சீங்களான்னு கேப்பாரு. அந்தக் கம்பனிக்காரங்கள நான் விட மாட்டேன் மாமி, ஒங்கள விடாம வச்சிருந்தானுங்களேன்னு ஏசுவாரு. நான் ம்னு கேட்டுக்கிட்டு இருப்பேன்.

தேத்தண்ணி ஆறுது மிஸ், குடிங்க.

என்ன யாரும் வச்சிருக்கல. ஒரு மணிக்கெல்லாம் டைரக்டரு கும்புட்டு, போதும்மா, ஒங்க சீன் முடிஞ்சுது, நீங்க வீட்டுக்குப் போங்க, மக தனியா இருக்குன்னீங்களேன்னாரு. அந்தப் பொண்ணு பைய அவுத்து என் போனத் தேடி எடுத்து நீட்டுச்சு. நான்தான் வாங்கல. இருக்கட்டும் சார், இன்னும் கொஞ்ச நேரம் அழுறேன்னு சொன்னேன்.