பல்செட் ஃபைலுக்கு வைத்தியம்

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது மேடம், நன்றி. உங்கள் அறையில் நான் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. பில்லில் கையெழுத்து வாங்க வருவேன், நின்றபடியே வாங்கிக்கொண்டு போய்விடுவேன். உட்கார்ந்து பார்த்தால் அறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

நம் லேபில் பல்செட்டுகளை அனுப்பி வைக்கும் டெஸ்பாட்ச் அக்காவை இன்று மாலையோடு வேலையை விட்டு அனுப்பப் போகிறீர்கள் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அக்கா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் அப்டேட் செய்த வேலை, நான் ஒன்றும் செய்யவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். அவர் ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் அப்டேட்டுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது மேடம். அதற்குப் போய் அந்தப் பெருமையைக் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

அப்டேட் வந்த அன்று காலையில் நீங்கள் ஊரில் இல்லை. கம்ப்யூட்டர்கள் தானாகவே அணைந்து தானாகவே எழுந்தன. எழுத்தெல்லாம் தடித்துப் பெருத்திருந்தது. அக்கா வழக்கம்போல் பல்செட் ஃபைலைத் திறந்தார். எந்த எண் போட்ட பெட்டியில் இருக்கும் பல் எந்த நோயாளியுடையது, எந்த டாக்டருக்கு அனுப்ப வேண்டும், என்றைக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு ஃபைலில்தான் இருக்கிறது. அதில் தேதி இருக்க வேண்டிய கட்டங்களில் எல்லாம் வேலி அடைத்த மாதிரி குறுக்கும் நெடுக்கும் கோடுகள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பல் அச்சுக்குப் பிளாஸ்டர் கலக்கும் அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது வைரஸ் என்று சொல்லி, வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

நான் பில்லிங் மேசையிலிருந்து எழுந்து போய்ப் பார்த்தேன். எழுத்து பெருத்துவிட்டது, கட்டத்தில் இடம் போதவில்லை, அவ்வளவுதான். கட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்து விட்டேன். தேதிகள் எல்லாம் வந்துவிட்டன.

"எப்படிண்ணா பண்ணீங்க?" என்றார் அக்கா. கண்ணில் தண்ணீர்.

உள்ளே கொஞ்சம் சிக்கலாகியிருந்தது, சரிபண்ணிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அக்கா எனக்கு ஏழெட்டு வயது இளையவர். லேபில் எல்லோரும் அவரை அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். எங்களில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. அன்றைக்கு அவர் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தார். பிளாஸ்டர் அண்ணன் எனக்கு ஷீட் டாக்டர் என்று பெயர் வைத்தார். நம் லேபுக்குத் தினமும் எத்தனையோ பல் டாக்டர்கள் போன் செய்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட யாரும் அப்படி வாய் நிறைய டாக்டர் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் என் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மனைவி குழாய் ஒழுகினால் தானே மாற்றிவிடுவாள். பல்பு போனால் ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுவாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறேன் என்றால், "நீங்க நகந்து நின்னாலே போதும்" என்பாள். என் மகளிடம் போனில் ஒரு சந்தேகம் கேட்டால் போனையே வாங்கிக்கொண்டு போய்விடுவாள். நல்லவர்கள். என்னை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வேலைக்கும் கூப்பிடுவதில்லை, அது ஒன்றுதான்.

அப்டேட்டுக்குப் பிறகு வந்த நாட்கள்தான் நாட்கள் மேடம். ஒரு ஃபைல் திறக்காது, இன்னொன்று சிக்கல் இருக்கிறது, முடிந்ததை மீட்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்கும். 'ஆம்' என்ற பட்டனை நான் வந்துதான் அழுத்த வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சற்று யோசித்துவிட்டு அழுத்துவேன். அப்புறம் மென்பொருள் கம்பெனிக்காரர்கள் அவசரப்பட்டு எல்லாவற்றையும் சரிசெய்து இன்னொரு அப்டேட் அனுப்பிவிட்டார்கள். அதோடு சரி. நான் பில்லிங் மேசையில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன். அக்கா தண்ணீர் பிடிக்கப் போகும்போது ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் சிரிக்கிற சிரிப்பு.

எனவே ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது தேதிக் கட்டத்தைக் கொஞ்சம் இறுக்கினேன். இதைக் குற்றம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். அக்கா கூப்பிட்டார், போய்த் தளர்த்திவிட்டு வந்தேன். அடுத்த வாரம் சில நோயாளிகளை வரியோடு சுருட்டிக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்தேன். அக்காவுக்கு அழுகை வந்ததும் எடுத்து வெளியே விட்டேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஃபைல் முன்னைவிட நல்ல கவனிப்பில் இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

தவறு என்று பார்த்தால் நான் செய்தது ஒன்றுதான். ஒரு நாள் கட்டத்தை இழுக்கும்போது கையால் மறைக்க மறந்துவிட்டேன். அக்கா பார்த்துவிட்டார். "அட, இவ்வளவுதானா" என்று சிரித்தார். கேலி இல்லை மேடம், அவருக்குக் கேலி பண்ணவே தெரியாது. ஆனாலும் அந்த 'இவ்வளவுதானா' வீடு வரைக்கும் என்கூடவே வந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

பார்த்த மாத்திரத்தில் பிடிபடாத நோயாக ஒன்று வேண்டியிருந்தது. மறுநாள் மதியம் நோயாளி பெயரும் அவர் டாக்டரும் இருக்கும் வரிசைகளை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைக்கு மாற்றினேன். பக்கத்தில் இருக்கும் பெட்டி எண்களைத் தொடவில்லை. மென்பொருள் நல்ல மாதிரி, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து மாற்ற வேண்டாமா என்று என்னைக் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். பெயர்கள் எல்லாம் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தன. பல்செட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

மறுநாள் காலையில் அக்கா பதறிக்கொண்டு கூப்பிடுவார், செய்ததைத் திருப்பும் பட்டனை அழுத்திச் சரிபண்ணிவிடலாம் என்பது என் ஏற்பாடு. அதற்காக ஃபைலை மூடாமல்கூட வைத்திருந்தேன். ராத்திரியோடு ராத்திரியாக இன்னொரு அப்டேட் வந்து, ஃபைலைத் தானே சேமித்து, கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பிவிட்டது. காலையில் திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. அப்டேட் மேல் எனக்கு வருத்தம் உண்டென்றால் இந்த ஒரு விஷயத்தில்தான். ஜாக்கிரதையாக ஒரு காப்பியும் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அதை எடுத்தது மாற்றிய பிறகு.

ஆனாலும் காத்திருந்தேன். அக்கா கூப்பிடவில்லை. பெயர்கள் வரிசையாக அழகாக இருந்தன, கோடு இல்லை, காணாமல் போனவர் இல்லை. ஃபைல் இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்று பிளாஸ்டர் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்கப் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கூப்பிடாத இடத்தில் போய் நிற்பது எனக்குப் பழக்கமில்லை மேடம். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பில்லில் ஒரு பிழை கிடையாது.

பிறகு நடந்ததை நீங்களே போனில் கேட்டீர்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பாவைப் போட்டோக்காரர் கொஞ்சம் குறைவாகச் சிரிக்கச் சொன்னாராம். நான் சிரிக்கவே இல்லையே என்றாராம் அவர். ஒரு தலைமை ஆசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் பேச வாயைத் திறந்தால் விசில் வந்திருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் விளையாட்டு மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். ஒரு அம்மாவுக்கு வாயை மூட முடியவில்லை. அவர் வீட்டில் அது புதிதில்லை என்று அவர் கணவர் சொன்னதாக டாக்டர் சொன்னார்.

எது யாருடையது என்று பார்க்கப் பெட்டிக்குள் முன்பு போட்டுவந்த சீட்டும் இல்லை. காகிதம் வீண் என்று அதை நிறுத்தச் சொன்னது நீங்கள்தான். குறையாகச் சொல்லவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, இந்த ஒரு தடவை மன்னிக்கிறேன், இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்றீர்கள். அக்கா வெளியே வந்தபோது முகம் வெளுத்துக் கிடந்தது. அவர் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது, எனக்குத் தெரியும். இப்போது கட்டாயம் என்னைக் கூப்பிடுவார் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

கூப்பிடவில்லை. யாரும் நினைக்காத ஒரு வழியை அக்காவே கண்டுபிடித்தார். நோயாளிகளையும் டாக்டர்களையும் நேற்று மாடி ஹாலுக்கு வரவழைத்தார். நீங்களும் பார்த்தீர்கள். மருந்துத் தண்ணீரில் அலசி அலசி, ஒவ்வொரு பல்செட்டாக வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய ஹாலில் ஒருவர் வாயிலும் பல் இல்லாமல், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் எப்படி இருக்கும் என்று நேற்றுதான் தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் தலைமை ஆசிரியரும் ஒருவர் பல்லை இன்னொருவர் போட்டிருந்தது தெரிந்து, கழற்றிக் கொடுத்துவிட்டுக் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒரு பாட்டம்மா தனக்கு வந்த பல்தான் எடுப்பாக இருக்கிறது, தர முடியாது என்று வாயை இறுக மூடிக்கொண்டார். இரண்டு டாக்டர்கள் கெஞ்சி வாங்கினார்கள். பொருந்தப் பொருந்த அக்கா லேப்டாப்பில் புதிதாக ஒவ்வொன்றாகப் பதிந்தார். மெருகு போட்டு இன்று காலையில் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி எல்லாவற்றையும் எண் போட்ட பெட்டிகளில் வாங்கி வைத்துக்கொண்டார்.

நான் வாசல் ஓரமாக நின்றிருந்தேன். வந்தவர்கள் என்னிடம் கழிவறை எங்கே என்று கேட்டார்கள். சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார். களைப்பாக இருந்தாலும் முகம் பளிச்சென்றிருந்தது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அண்ணா, இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன். தினமும் வீட்ல உக்காந்து வீடியோ பாத்து எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். நீங்க நிம்மதியா உங்க வேலையப் பாருங்க."

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். வீட்டில் சொல்வதும் அதேதான், இவர் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். நீங்க நகந்து நின்னாலே போதும். சந்தோஷம் அக்கா என்று சொன்னேன். அவர் கை கழுவப் போனார். லேப்டாப் திறந்தே இருந்தது.

முன்போலவே பெயரும் டாக்டரும் இருக்கும் வரிசைகளை மட்டும் அகர வரிசைக்கு மாற்றப் போனேன். மென்பொருள் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது. இந்தத் தடவை முழுதாகப் படிக்கக்கூட இல்லை, வேண்டாம் என்று அழுத்தி, சேமித்து, மூடிவிட்டேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் அண்ணா என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று விடியற்காலையில் பெட்டிகள் போயின. காலையிலிருந்து வருகிற போன்களை நீங்கள்தான் எடுக்கிறீர்கள்.

நடந்தது இதுதான். இரண்டு தடவையும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன், இந்த முறை உட்கார்ந்தபடியே போடலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவை அனுப்பாதீர்கள். அவர் மேல் எனக்குக் கூடப்பிறந்தவரைப் போலப் பிரியம், அவருக்குக் கெடுதல் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் அவரைத் தனியாகவும் விட்டுவிடாதீர்கள். என் மேசையை அவர் மேசைக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். நான் கவனிக்காவிட்டால் அந்த ஃபைல் என்ன கதி ஆகிறது என்று இரண்டு தடவை பார்த்துவிட்டோம்.