ரங்கூன் வரைக்கும் நம்ம கடல்

ஆம்பூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ரங்கூனுக்குக் கப்பலேறக் கிளம்பிய ஒரு தோல் வியாபாரி, வழியனுப்ப வந்த மனைவியிடம் சொன்னார்: "ரங்கூன் வரைக்கும் நம்ம கடல்தான்."

"வேற கடலுக்குப் போவமாட்டேன்னு எங்கப்பாவுக்குச் சத்தியம் பண்ணீங்களே?"

"அங்கயும் சோறு, மீன் கொழம்புதான். அது எப்படி வேற கடலாவும்?"

"பினாங்கு?"

"அங்க தெருவெல்லாம் தமிழு. அதுவும் நம்மளுதுதான்."

"அப்ப வேற கடல் எங்கதான் ஆரம்பிக்குது?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "நமக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லாத எடத்துல."

"ரங்கூன்ல உங்களுக்கு யாரைத் தெரியும்?"

அவர் குனிந்து பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். ரயில் வந்து நின்றது.

"நான் வந்தா என்னையாவது தெரியுமில்ல" என்றாள் அந்த அம்மாள். மாற்றுப் புடவைகூட இல்லாமல் அவருக்கு முன்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.